பார்டர் எப்போ கண்ணு வரும்?

குடும்பத்தோடு ஐரோப்பாவைக் காரில் சுற்ற நான் முதலில் போட்ட திட்டத்தில் ஏழு நாடுகள் இருந்தன. ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி பாரிஸ், ஸ்விட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா, செக் வழியாகப் போய் ஜெர்மனியில் முடியும். பதினேழு இரவு. எக்செல்லில் நாட்டுக்கு ஒரு நிறம் அடித்து வைத்திருந்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, கடைசிப் பத்தியில் இருந்த கிலோமீட்டரை மட்டும் கூட்டினாள். 3,800 வந்தது. கோவையிலிருந்து டெல்லிக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வருகிற தூரம்.

“ஏனுங்க, இது டூரா, லாரி டூட்டியா? நாமக்கல் லாரியில கூட மாத்து டிரைவர் இருப்பாங்க.”

போவது நான்கு பேர்: நான், மனைவி, பதினொரு வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பின்சீட்டில் மூட்டுவலிக்காரர் ஒருவர், வளைவு வந்தால் வாந்தி எடுக்கும் ஒருத்தி. இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரே நாளில் 600 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தேன். அன்றைக்கே மூன்று நாடுகளை அடித்தேன். ஒரு வாரம் கழித்து ஸ்விட்சர்லாந்தையும் அடித்தேன், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த ஊர் விரைவுச்சாலையில் ஏற வருடச் சீட்டு ஒன்றுதான் உண்டு. இரண்டு நாளைக்குப் போனாலும் 40 ஃபிராங்க் கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சிம் கார்டு அங்கே பல சமயம் வேலை செய்யாது. அறை வாடகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்விட்சர்லாந்தை ரயிலில் பார்ப்பதுதான் முறை என்பது என் கட்சி, அதை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொண்டோம். புதிதாகச் சேர்ந்தது ஸ்லோவேனியா.

கடைசியில் நின்றது ஒரு வட்டம். ஜெர்மனியில் மியூனிக், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க், குரோஸ்குளோக்னர் மலைச்சாலை, ஸ்லோவேனியாவில் பிளெட் ஏரி, சோச்சா பள்ளத்தாக்கு, இத்தாலியில் வெனிஸ், வெரோனா, பிரிக்சன், மறுபடி மியூனிக். நான்கு நாடுகள், ஊருக்குள் சுற்றியதையும் சேர்த்து 1,740 கிலோமீட்டர். வட்டமாக வைத்ததற்குக் காரணம் ரசனை இல்லை, காசு. ஒரு நாட்டில் எடுத்த வாடகைக் காரை இன்னொரு நாட்டில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம். நான் கேட்ட ஓரிடத்தில் அது ஒரு வார வாடகையைவிட அதிகமாக இருந்தது.

2025 மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது மகளின் பள்ளி விடுமுறைக்காக. ஆனால் அது தற்செயலாக நல்ல மாதமாகவும் அமைந்தது. உயர மலைச்சாலைகள் அப்போதுதான் திறக்கின்றன, ஜூலை ஆகஸ்ட் கூட்டம் இன்னும் வந்திருக்காது.

விசாவில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. நாங்கள் இறங்குவது மியூனிக்கில், ஆனால் இத்தாலியில் ஏழு இரவு. எனவே இத்தாலி விசா. அதனால்தான் நாடுகளை அடிக்கும் வேலையை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்கிறேன். விசா வந்த பிறகு திட்டத்தைத் தலைகீழாக்கினால் விமான நிலையத்தில் கேள்வி வரும். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு நிரம்பாத பிள்ளைகளுக்கு 45. சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். நேர்முகத்துக்குத் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு, அதனால் முதல் வேலையாக அதைப் பிடியுங்கள். அறைகளையெல்லாம் இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்து வைத்தேன்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓவில் வாங்கினேன். ஆயிரம் ரூபாய், ஒரு வருடம் செல்லும். அது தனியாகச் செல்லாது, நம் ஊர் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். கார் எடுக்கும்போது இரண்டையும் கேட்டார்கள்.

கார் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தது ஒன்றில்தான்: ஆட்டோமேட்டிக். அங்கே சும்மா பதிவு செய்தால் கியர் வண்டிதான் வரும், ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கொடுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டிக்கொண்டு, இடது சீட்டில் உட்கார்ந்து, வலது கையால் கியர் போடப் பழகுவதற்கு ஆல்ப்ஸ் மலை சரியான இடம் இல்லை. இன்னொன்று பெட்டி. நான்கு பேருக்கான கார் என்று போட்டிருப்பார்கள், நான்கு பேரின் பெட்டிக்கான கார் என்று போட்டிருக்காது. பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன் வகையை எடுத்தோம். அங்கே ‘கோம்பி’ என்கிறார்கள். பெட்டிகள் வெளியே தெரியாதபடி மூடி போட்டுக்கொள்ளலாம், இத்தாலியில் அது முக்கியம்.

ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், அதில் முன்பணம் பிடித்து வைக்க இடம் இருக்க வேண்டும். எந்தெந்த நாட்டுக்குப் போகிறோம் என்று கவுண்டரிலேயே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். சொல்லாமல் போனால் காப்பீடு செல்லாமல் போகலாம். எங்களுக்கு எல்லை தாண்ட ஒரு சிறு கட்டணம் கேட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் இன்னும் ஒரு காப்பீடு, இன்னும் ஒரு காப்பீடு என்று இருபது நிமிடம் விற்றார். நான் இந்தியாவிலிருந்தே, சேதாரம் எதுவானாலும் என் பங்கு பூஜ்யம் என்று வரும் திட்டத்தில் பதிவு செய்திருந்ததால் ‘வேண்டாம், நன்றி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுக்கும்போதும் விடும்போதும் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். சக்கரத்தின் விளிம்பையும் விடாதீர்கள். நடைபாதைக் கல்லில் உரசுவது முதலில் அதுதான்.

சமையல் சாமான் பற்றி அம்மாவோடு ஒரு சிறு போர் நடந்தது. வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப் போக முடியாது. ஆகவே நெய் கிடையாது. பச்சைக் கறிவேப்பிலையும் கிடையாது. அம்மா நெய்ப் பாட்டிலை ஒரு சேலைக்குள் சுற்றி வைத்திருந்ததைக் கிளம்பும் நாள் காலையில்தான் கண்டுபிடித்தேன். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தொக்கு, இரண்டு கிலோ அரிசி போனது. பெரும்பாலும் அடுப்பு வைத்த வீடுகளாகப் பார்த்துத் தங்கியதால் ராத்திரிக்குச் சோறு உண்டு. நெய் இல்லாத பருப்புப்பொடிச் சோற்றை அம்மா பதினேழு நாளும் ஒரு பார்வையோடு சாப்பிட்டார்.

மே 10, சனிக்கிழமை காலை இறங்கினோம். விமானத்தில் ராத்திரி முழுக்க விழித்துவிட்டு அப்படியே காரை எடுக்கக் கூடாது என்று இரண்டு இரவு மியூனிக்கிலேயே ரயிலிலும் டிராமிலும் சுற்றினோம். அடுத்த நாள் ஞாயிறு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சூப்பர்மார்க்கெட்டும் சேர்த்து. படித்திருந்தேன், ஆனால் பால் வாங்கி வைக்க மறந்துவிட்டேன். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைதான் காப்பாற்றியது.

திங்கட்கிழமை காரை எடுத்தோம். முதல் அரைமணி நேரம் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர்தான் ஓடியது. நம் மாருதியில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம், அங்கே இடக்கைப் பக்கம். வெயிலில் வைப்பர் போட்டுக்கொண்டு ஒருவன் வளைவதை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துப் பழகியிருப்பார்கள் போல, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. நாம் வலது சீட்டில் உட்கார்ந்து பழகியவர்கள். இடது சீட்டில் உட்கார்ந்தால் கார் நம்மை அறியாமல் வலப்பக்கம் ஒதுங்கும், நிறுத்தியிருக்கும் வண்டிகளின் கண்ணாடியைத் தட்டும். பக்கத்து சீட்டில் இருந்த மனைவியின் வேலை, ஒதுங்கும்போதெல்லாம் “ரைட்டு ரைட்டு” என்று கத்துவது. பழைய பஸ் கண்டக்டர் மாதிரி. மூன்றாம் நாள் அது நின்றது.

ஆட்டோபான் எனப்படும் ஜெர்மன் விரைவுச்சாலையைப் பற்றி எல்லோரும் வேகத்தைத்தான் பேசுவார்கள். பல இடங்களில் வேகக் கட்டுப்பாடு கிடையாது, 130 என்பது பரிந்துரை மட்டும். என்னை அசத்தியது வேறு. இடது தடம் முந்துவதற்கு மட்டும். முந்தி முடித்ததும் எல்லோரும் வலப்பக்கம் வந்துவிடுகிறார்கள். வலப்பக்கமாக முந்துவது குற்றம். கண்ணாடியில் புள்ளியாகத் தெரியும் கார் நீங்கள் இண்டிகேட்டர் போடுவதற்குள் பின்னால் வந்து நிற்கும். ஆகவே இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தடம் மாறுங்கள்.

சால்ஸ்பர்க்குக்குப் பாதி தூரத்தில் எங்கோ விபத்து, வண்டிகள் ஊர ஆரம்பித்தன. உடனே இடது தடத்தில் இருந்தவர்கள் எல்லாம் இடது ஓரத்துக்கும், மற்றவர்கள் எல்லாம் வலது ஓரத்துக்கும் ஒதுங்க, நடுவே ஒரு சந்து திறந்தது. ஆம்புலன்ஸ் சத்தமே கேட்கவில்லை. நான் மட்டும் நடுவில் முழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர் கையைக் காட்டி ஒதுங்கச் சொன்னார். ‘ரெட்டுங்ஸ்காஸே’ என்று பெயர், மீட்புச் சந்து. நெரிசல் தொடங்கும்போதே அதைத் திறந்து வைக்க வேண்டும் என்பது சட்டம், ஆஸ்திரியாவிலும் உண்டு. ஐந்து நிமிடம் கழித்துத்தான் ஆம்புலன்ஸ் அந்தச் சந்தில் நேராகப் போனது. “வர்றதுக்கு முன்னாலயே வழி உட்டுட்டாங்களே” என்று அம்மா அன்று ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நெரிசலில்தான் அவர் முதல் தடவை கேட்டார்: “பார்டர் எப்போ கண்ணு வரும்?”

அம்மாவுக்கு எல்லை என்றால் கேரளாவுக்குப் போகும் வழியில் வரும் வாளையாறு. செக்போஸ்ட், வரிசையில் லாரி, எழுத்து மாறிய போர்டு, டீக்கடை. ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று சொன்னேன். நான் கவனிப்பதற்குள் எல்லை போய்விட்டது. நீல நிற போர்டில் நட்சத்திரங்கள் வட்டமாக, நடுவே நாட்டின் பெயர், அவ்வளவுதான். எதிர்த்திசையில் ஜெர்மனிக்குள் போகிறவர்களைத்தான் போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பயணத்தில் நான் கற்ற பெரிய பாடம் அந்த போர்டில் இருந்தது. எல்லையில் யாரும் நிறுத்தமாட்டார்கள், அதனால் எதுவும் மாறவில்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு நொடியில் சட்டப்புத்தகமே மாறிவிடுகிறது. ஜெர்மனியில் காருக்குச் சாலைக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் விரைவுச்சாலைக்கு வின்யெட் வேண்டும், அதாவது நாள் கணக்கில் வாங்கும் சாலைச் சீட்டு. ஸ்லோவேனியாவுக்கு வேறு வின்யெட். இத்தாலியில் வின்யெட் கிடையாது, சுங்கச்சாவடி. பிள்ளைக்கான சீட்டு கூட மாறும். ஆஸ்திரியாவில் 135 சென்டிமீட்டர் உயரம் வந்துவிட்டால் தனி சீட்டு வேண்டியதில்லை, இத்தாலியிலும் ஸ்லோவேனியாவிலும் 150. என் மகள் 141. ஆஸ்திரியாவில் மட்டும் சட்டப்படி பெரிய மனுஷி. சண்டை வேண்டாம் என்று நான்கு நாட்டிலும் பூஸ்டர் சீட்டிலேயே உட்கார வைத்தோம். அதற்கு அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே எக்செல்லில் ஊர்களுக்குப் பதிலாக எல்லைகளை எழுதுங்கள் என்பேன். ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு வரி: சாலைக் காசு எப்படி, வேகம் எவ்வளவு, பார்க்கிங் கோட்டின் நிறம் என்ன, விளக்கு பகலிலும் போட வேண்டுமா. நான் அதை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டினேன். அப்படியும் இரண்டு தப்பு செய்தேன், அதற்கு வருகிறேன்.

ஆஸ்திரிய வின்யெட் அப்போது கண்ணாடியில் ஒட்டும் வில்லையாகவும் கிடைத்தது, கார் எண்ணை வைத்து இணையத்திலும் வாங்கலாம். வாடகைக் காரின் எண் கையில் வரும்வரை தெரியாது என்பதால் சாவி வாங்கிய பிறகு அங்கேயே உட்கார்ந்து வாங்கினேன். பத்து நாளுக்கு அப்போது 12.40 யூரோ. அஸ்ஃபினாக் என்ற அரசு நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். தேடினால் முதலில் வருவது இடைத்தரகர் தளங்கள், அதே சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். எண்ணில் ஓ எழுத்தா பூஜ்யமா என்று மூன்று தடவை பாருங்கள். கேமரா பார்ப்பது எண்ணைத்தான்.

சால்ஸ்பர்க்கில் இரண்டு இரவு. அழகான ஊர்தான், ஆனால் இசைமேதை மோசார்ட் பெயரில் சாக்லேட் விற்காத ஒரு தெரு கூட இல்லை. ஊருக்கு வெளியே காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகும் பார்க்கிங் வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். அடுத்து மலை.

குரோஸ்குளோக்னர் சாலை 1935ல் திறந்தது. 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு, உச்சியில் 2,500 மீட்டரைத் தாண்டும். கட்டணம் நாற்பது யூரோவுக்கு மேல், வின்யெட்டில் இது சேராது. 36 என்றதும் எனக்குப் பயம் போய்விட்டது. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையிலும் 36 தான். வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருப்பது கூட அதே மாதிரி. வித்தியாசம் ஓரத்தில். மே பாதியிலும் சாலையின் இருபக்கமும் பனியை நேராக வெட்டி வைத்திருந்தார்கள், காரைவிட உயரமாக. மகள் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினால் பனிச்சுவர். வாந்தியை மறந்தே போனாள். காலை சீக்கிரம் ஏறினோம், எட்டரை மணிக்கு மேலே எங்களோடு நான்கைந்து வண்டிகள்தான். பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிள் கூட்டம் வர ஆரம்பித்தது.

இறங்கும்போது கல்லட்டிச் சட்டம்தான் அங்கேயும்: ஏறின கியரிலேயே இறங்கு. ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் கைமுறைக்கு மாற்றி இரண்டாவது கியரில் வையுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய ஒரு கார் ஹைலிகன்பிளுட் பக்கம் ஓரத்தில் நின்று புகைந்துகொண்டிருந்தது. கருகிய வாடை மூக்குக்கு வந்ததும் அம்மா, “ஊட்டி வாசம்” என்றார். பனி கொட்டினால் இந்தச் சாலையை மூடிவிடுவார்கள், ராத்திரியும் மூடியிருக்கும். ஆகவே இதற்கு ஒரு நாளை ஒதுக்கும்போது பக்கத்து நாளையும் லேசாக வைத்துக்கொள்ளுங்கள், இடம் மாற்றிக்கொள்ளலாம்.

மறுநாள் ஸ்லோவேனியா. காராவாங்கன் சுரங்கம் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். அதற்கும் தனிக் கட்டணம். சுரங்கத்துக்குள் நுழையும்போது ஆஸ்திரியா, வெளியே வரும்போது ஸ்லோவேனியா. எல்லை மலைக்கு அடியில் எங்கேயோ சுவரில் ஒரு குறியாக இருந்தது. “தூங்கிட்டனா கண்ணு?” என்று அம்மா கேட்டார். இல்லை, விழித்துத்தான் இருந்தார். அங்கே வார வின்யெட் அப்போது 16 யூரோ, கார் எண்ணில் பதியும் மின்சீட்டு மட்டும்தான், ஒட்டுவில்லை கிடையாது. இல்லாமல் மாட்டினால் அபராதம் 300 யூரோவில் தொடங்கும் என்பதால் முந்தின ராத்திரியே வாங்கிவிட்டேன்.

பயணத்தில் எதை நீட்டியிருக்கலாம் என்று கேட்டால் ஸ்லோவேனியாதான். நான்கு இரவு போதவில்லை. பிளெட் ஏரிக்கரையில் தங்காமல் பத்து நிமிடம் தள்ளி ராடோவ்லிட்சாவில் தங்கினோம், பாதி விலை. ஏரியின் நடுவே தீவு, துடுப்புப் படகில் போய் 99 படி ஏறினால் மாதா கோவில். மருதமலையில் படியேறிப் பழகிய அம்மா மூட்டுவலியைப் படகிலேயே விட்டுவிட்டு ஏறினார். அங்கே ஒரு மணியை அடித்து வேண்டிக்கொள்வார்கள். என்ன வேண்டினார் என்று சொல்லவில்லை.

விர்ஷிச் கணவாய் 1,611 மீட்டர்தான், ஆனால் 50 வளைவு. ஏறும் பக்கத்து வளைவுகளில் தார் இல்லாமல் கல் பாவியிருக்கும், ஈரத்தில் வழுக்கும். முதல் உலகப் போரில் பிடிபட்ட ரஷ்யக் கைதிகளை வைத்துப் போட்ட சாலை அது. 1916ல் பனிச்சரிவில் அவர்களில் பலர் இறந்தார்கள், உயிரோடு இருந்தவர்கள் அவர்கள் நினைவாக மரத்தில் ஒரு சிறு கோவில் கட்டினார்கள். வளைவுகளுக்கு நடுவே இன்றும் நிற்கிறது. அங்கே நிறுத்திப் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். அதற்கு அப்புறம் மீதி வளைவுகளில் வண்டிக்குள் யாரும் பேசவில்லை. இறங்கினால் சோச்சா ஆறு. அந்தப் பச்சை நிறத்தை போட்டோ எடுத்துக் காட்டினால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

இத்தாலிக்குள் கொரிசியா வழியாக நுழைந்தோம். ஒரு பக்கம் நோவா கொரிட்சா, மறுபக்கம் கொரிசியா. நடுவே ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு சதுக்கத்தின் குறுக்கே எல்லை போகிறது. 2004 வரை வேலி இருந்த இடம். இந்த இரண்டு ஊரும் சேர்ந்து 2025ன் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்களில் ஒன்றாக இருந்தன. மகள் இத்தாலி, ஸ்லோவேனியா, இத்தாலி என்று பாண்டி ஆடினாள். “இதுதாம்மா பார்டர்” என்றேன். அம்மா தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏமாற்றுகிறேன் என்றே நினைத்தார்.

இத்தாலிய விரைவுச்சாலையில் ஏறும்போது சீட்டு எடுத்துக்கொண்டு, இறங்கும்போது காசு கட்ட வேண்டும். மஞ்சள் தடம், தானாகக் கட்டணம் கழிக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். நீலத்தில் கார்டு, வெள்ளையில் ரொக்கம். தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் வெனிஸை ஒட்டிய மெஸ்ட்ரே சாவடியில் பெரிய லாரிக்குப் பின்னால் போனதில் பலகை தெரியாமல் மஞ்சளில் மாட்டிக்கொண்டேன். தடுப்பு திறக்கவில்லை, பின்னால் ஹாரன். இங்கேதான் பலர் பின்னோக்கி எடுக்கப் பார்ப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், பெரும் குற்றம். உதவிப் பொத்தானை அழுத்தினேன், ஒரு குரல் இத்தாலியனில் பேசியது, சீட்டைக் காட்டினேன், ஒரு ரசீது வந்தது, தடுப்பு திறந்தது. பதினைந்து நாளுக்குள் கட்டினால் போதும், அபராதம் இல்லை. ராத்திரி இணையத்தில் கட்டினேன்.

வெனிஸுக்குக் காரில் போவது வீண். மெஸ்ட்ரேவில் காரை விட்டுவிட்டு ரயிலில் பத்து நிமிடம். வெள்ளி முதல் ஞாயிறு வரை பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும் காலம் அது. நாங்கள் போனது செவ்வாய். வெனிஸைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

வெரோனாவில்தான் என் இரண்டாவது தப்பு. இத்தாலிய ஊர்களில் பழைய நகரப் பகுதி பெரும்பாலும் ‘செட் டி எல்’ எனப்படும் கட்டுப்பாட்டு மண்டலம். அனுமதி இல்லாத கார் உள்ளே போனால் கேமரா படம் எடுக்கும், தடுப்பு எதுவும் இருக்காது. வாசலில் ஒளிரும் பலகையில் ‘வார்கோ ஆட்டிவோ’ என்று எழுதியிருந்தது. வாசல் செயலில் இருக்கிறது, சரி, திறந்திருக்கிறது போல என்று நுழைந்தேன். பொருள் நேர்எதிர். செயலில் இருப்பது கேமரா. ‘நோன் ஆட்டிவோ’ என்றால்தான் போகலாம். தங்கும் விடுதி அந்த மண்டலத்துக்குள் இருந்தால் கார் எண்ணை அவர்கள் முன்கூட்டியே பதிவு செய்து தரலாம், எங்கள் விடுதி அதற்குள் இல்லை. நான் தேவையில்லாமல் ஒரு குறுக்குவழி தேடினேன், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து வாடகை நிறுவனம் என் விவரத்தை போலீஸுக்குக் கொடுத்ததற்காகக் கார்டிலிருந்து ஒரு தொகை எடுத்துக்கொண்டது. அபராதக் கடிதம் அக்டோபரில் வந்தது. ஐந்து நாளுக்குள் கட்டினால் முப்பது சதவீதம் தள்ளுபடி என்பதால் அன்றே கட்டினேன். எல்லாம் சேர்த்து நூறு யூரோவைத் தாண்டியது. பார்க்கிங்கில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் மற்றவர்களுக்கு. இதில் மட்டும் தப்பு செய்யவில்லை.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. ஆள் கிடையாது, நாமே போட வேண்டும். மூடிக்குள் வட்டக் குறி இருந்தால் பெட்ரோல், சதுரம் இருந்தால் டீசல். இத்தாலியில் ‘காசோலியோ’ என்று இருப்பது டீசல், பெயரைப் பார்த்து கேஸலின் என்று ஏமாறாதீர்கள். அங்கே ‘செர்விட்டோ’ என்ற தடத்தில் நிறுத்தினால் ஆள் வந்து போடுவார், லிட்டருக்குக் கூடுதல் விலை. விரைவுச்சாலை பங்க்கைவிட ஊருக்குள் இருக்கும் பங்க்கில் பெரும்பாலும் விலை குறைவு. கழிப்பறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்சனில் மூன்று இரவு. இத்தாலிதான், ஆனால் போர்டில் முதலில் ஜெர்மன். கடைசி நாள் பிரென்னர் வழியாக மியூனிக் திரும்ப வேண்டும். முந்தின ராத்திரி பெட்டி கட்டும்போது மனைவி கேட்டாள், “அந்த ஆஸ்திரியா பாஸு இன்னும் இருக்குதுங்களா?” பத்து நாள் வின்யெட் மே 12ல் தொடங்கியது. அன்று 25. நான்கு நாளைக்கு முன்பே முடிந்திருந்தது. வட்டப் பயணத்தில் ஒரே நாட்டை இரண்டு தடவை தொடுகிறோம் என்பதே என் தாளில் இல்லை. நல்லவேளை, ஒரு நாள் சீட்டு உண்டு, அப்போது 9.30 யூரோ. பிரென்னர் சாலைக்குத் தனியாக 12 யூரோ கட்டினோம். கூடவே அங்கே லூக் பாலத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்ததால் ஒரே தடமாகக் குறுக்கியிருந்தார்கள், சனிக்கிழமைகளில் நெரிசல் மணிக்கணக்கில் நிற்குமாம். நாங்கள் திங்கட்கிழமை போனோம், இருபது நிமிடம்தான் தாமதம். இன்ஸ்புருக் பக்கம் வேகம் 100தான், காலியான சாலையைப் பார்த்து மிதிக்க வேண்டாம்.

குஃப்ஸ்டைனைத் தாண்டியதும் வண்டிகள் மெதுவாகின. தடங்கள் குறுகின, கூடாரம், விளக்கு, சீருடை. ஜெர்மனி அப்போது தன் தரை எல்லைகளில் சோதனை வைத்திருந்தது, அதனால்தான் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். இளவயது போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார். நான் கண்ணாடியை இறக்குவதற்குள் பின்சீட்டிலிருந்து அம்மாவின் கை நீண்டது, பாஸ்போர்ட்டோடு. நான்கையும் வாங்கி, விசாவைப் புரட்டி, குனிந்து முகங்களைப் பார்த்து, அம்மாவுக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்து அனுப்பினார்.

வண்டி வேகம் எடுத்ததும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

“ம். வாளையாறு மாதிரியே இருக்குது. டீக்கடை மட்டும் இல்லை.”